மூணாவது டேக்

உக்காருங்க தம்பி. மாப்பிள்ளை ரூம்ல மெத்தை இல்லாத கட்டிலான்னு பாக்காதிய. இந்தக் கல்யாண மண்டபத்துல இருக்க அத்தனை மெத்தையும் ஹாலுக்குள்ள ஜன்னலை அடைச்சுக்கிட்டு நிக்கு. எல்லாம் உங்களுக்காகத்தான். இந்தாங்க, காப்பியக் குடிங்க. ரயிலு லேட்டா வந்தா அதுக்கு நீங்க என்ன செய்விய? ரெக்கார்டிங் இன்ஜினியரும் ஏதோ வயரு பத்தலைன்னு ஜங்ஷனுக்குப் போயிருக்காரு. அவரு வராம நீங்க மட்டும் உள்ள போய் நின்னு என்ன செய்யப் போறிய? நம்ம ஆளுக காலைலயே வந்தாச்சு. கதவை அடைச்சிட்டு ரிகர்சல் பாக்காவ. கேக்குதா? உங்க பாட்டுதான். அந்த வயலின் ஏறி ஏறிப் போகுதுல்லா, அது ஆர்தர் சார். பாளையங்கோட்டையில குவயர் மாஸ்டர். முன்னால நொட்டேஷன் பேப்பரை மட்டும் வச்சிட்டாப் போதும், துட்டி வீட்டுல பொணத்துக்குப் பக்கத்துல உக்காத்தி வச்சாலும் வாசிப்பாரு.

என் பேரு சொரிமுத்துன்னு கேட்டா இந்த ஆலங்குளம் ரோட்டுல ஒருத்தனுக்கும் தெரியாது. மைக்செட்டு அண்ணாச்சின்னு கேட்டா சின்னப் புள்ள கூட வழி காட்டும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட்டு, சீரியல் செட்டு, ஜெனரேட்டரு, பாட்டுக் கச்சேரி, எல்லாம் நாமதான். அப்படி இருந்த ஆளு ரெக்கார்டிங் பக்கம் எப்படி வந்தேன்னு கேக்கியளா? எல்லாம் சங்கரகோமதியாலதான்.

நீங்க அந்தப் பொண்ணு பாட்டைக் கேட்டுட்டுத்தானே எனக்குப் போன் போட்டிய? சொந்த ஊரு கரிவலம் பக்கம். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. கூடப் பொறந்த அண்ணன் போய்ச் சேந்துட்டான், அவன் நினைவா ஒரு பாட்டுக் கட்டி வச்சிருந்தது. வார்த்தை கிடையாது, வெறும் வாத்தியம். ஆனா ஆர்க்கெஸ்ட்ராவா வாசிக்கணும், அதுதான் ஆசை. மெட்ராஸ்ல விசாரிச்சா, ஸ்டூடியோவுக்குள்ள காலை வைக்கவே சொத்தை எழுதிக் கேக்கான். சினிமாக்காரன் தாங்குவான், அது தாங்குமா? வெளிநாட்டுல நெட்டு வழியா வாசிச்சு அனுப்புதாவளாமே, அதையும் செஞ்சு பாத்திருக்கு. பத்துப் பேரு பாட்டை ஒண்ணாச் சேத்து ஒரே நாள்ல வாசிப்பாவளாம். செலவைப் பத்துப் பேரும் பங்கு போட்டுக்கிடணும். நம்ம முறை வந்ததும் ரெண்டு தடவை வாசிச்சிட்டு, சரி அடுத்த ஆளுன்னுருவாவளாம். எலையெடுக்க ஆளு முதுகுக்குப் பின்னாலயே நின்னா சோறு எறங்குமா தம்பி? அப்புறம் கம்ப்யூட்டர்லயே வயலின் வருதே, அதுலயும் போட்டுப் பாத்திருக்கு. ‘எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி, ஆனா மூச்சு இல்ல’ன்னுச்சு.

அந்த ஒத்த வார்த்தையில நான் எறங்கிட்டேன். ஆளு எனக்குத் தெரியாதா? பாளையங்கோட்டையில தடுக்கி விழுந்தா வயலின் வாசிக்கவன் மேலதான் விழணும். சர்ச்சு சபைக்குச் சபை ஆளு இருக்கு, அத்தனை பேரும் நொட்டேஷன் பாத்து வாசிப்பாவ. ஊதுத வாத்தியத்துக்குப் போலீஸ் பேண்டுல ரிட்டயர் ஆனவுக. ஆளு கொறைச்சல்தான், இருபது இருபத்தஞ்சு பேரு. அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு தடவை வாசிச்சு எடுத்துக்கிடணும். அப்புறம் எல்லாரையும் இடம் மாத்தி உக்கார வச்சு, அது மேலயே இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லணும். மூணாவதும் ஒரு தடவை. மூணையும் சேத்துக் கேட்டா ஒரு சபையே எந்திரிச்சு வாசிக்க மாதிரி இருக்கும். மெட்ராஸ்காரன் சொல்லிக் கொடுத்த வித்தைதான், நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல.

இடம்தான் என் மூளை. ஆடி மாசம் எவன் கல்யாணம் வைப்பான்? மண்டபம் எல்லாம் பூட்டிக் கெடக்கும். உசரமான கூரை, மழமழன்னு தரை, கை தட்டினா கோயில் மாதிரி எதிரொலிக்கும். மண்டபத்துக்காரரு, சும்மா கெடக்கதுக்கு ஏதோ வந்தாச் சரின்னு சாவியத் தூக்கிக் கொடுத்துட்டாரு. ‘ஆடி மாசத்துல சோகப் பாட்டா வாசிக்கப் போறிய? கல்யாணம் நடக்க இடம்யா’ன்னு ஒரு வார்த்தை முனங்குனாரு. அதை நான் காதுல போட்டுக்கிடல. அதுதான் தப்பாப் போச்சு, பின்னால சொல்லுதேன்.

இந்தப் பக்கத்து ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியாது. மேக்க மலையில இருந்து எறங்கி வந்து ஜன்னலைப் பிடிச்சு உலுக்கும். மைக்குல பாட்டைவிடக் காத்துதான் கேக்கும். அதான் மெத்தை. மாப்பிள்ளை ரூம், பொண்ணு ரூம், மேல விருந்தாளி ரூம், எல்லா மெத்தையையும் கொண்டு போய் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தேன். வாசக்கதவுக்கு வெளிப்பக்கமா ரெண்டு. இடுக்குல எல்லாம் ஜமுக்காளத்தைச் சுருட்டித் திணிச்சேன். ஒரு ஈ உள்ள போக முடியாது, வெளிய வரவும் முடியாது. ஃபேனும் போடக் கூடாது, அதுவும் சத்தம்.

கரண்டு இருக்கே, அது இன்னொரு தலைவலி. காத்துல வயரு ஒண்ணோட ஒண்ணு உரசி நிமிசத்துக்கு நிமிசம் போகும். இருக்க நேரத்துலயும் ‘உய்ங்’குன்னு ஒரு சத்தம் மைக்குல வருதுன்னாரு இன்ஜினியரு. விடுங்க சார், நம்ம ஜெனரேட்டரு இருக்குன்னு சொல்லிட்டேன். இருபது வருசமா கொடை கொடையாப் போய் வந்த மிஷினு. பொட்டக்காட்டுல வச்சு விடிய விடிய ஓடும், ஒரு எறும்புக்குக் கெடுதல் செஞ்சதில்ல. ஆனா வெளிய வச்சா அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வருது. அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மேடைக்குப் பின்னால பாத்திர ரூம் இருக்கு. அண்டா, குண்டா எல்லாம் அடுக்கி வைக்க இடம். அதுக்குள்ள மிஷினை வச்சு, கதவைச் சாத்தி, கதவு மேல ஜமுக்காளத்தை ரெட்டையாத் தொங்க விட்டுட்டேன். கதவுக்கு அடியில வயரு போக மட்டும் கொஞ்சம் இடம். சத்தம் அப்படியே அமுங்கிட்டு. இன்ஜினியரே மாடியில பொண்ணு ரூம்ல உக்காந்துக்கிட்டு, ‘அண்ணாச்சி, மெட்ராஸ் ஸ்டூடியோ தோத்துச்சு’ன்னாரு.

கேட்டியளா, இப்ப உங்க பாட்டு நடுப்பகுதிக்கு வந்துட்டு. கொஞ்சம் மெதுவாப் போற மாதிரி இருக்கா? ஆர்தர் சார் அப்படித்தான், மெதுவா வாசிச்சுப் பழக்குவாரு. நீங்க குடிங்க, ஆறிரப் போகுது.

போன ஆடியில மொதத் தடவை வாசிச்சது நல்லாத்தான் இருந்துச்சு. சங்கரகோமதி முன்னால நின்னு கையை வீசுது, இவுக வாசிக்காவ. நான் வெளிய வாசப்படியில காவல், எவனும் வந்து கதவைத் தட்டிரக் கூடாதே. முடிஞ்சதும் வாசல் மெத்தையைச் சரிச்சு, ஒரு ஆளு நுழைய அளவு கதவைத் தொறந்து உள்ள போய்ச் சாத்திக்கிட்டேன். வேர்த்து ஊத்துது எல்லாருக்கும். கிளாரினெட்டு வாசிக்க ஏட்டையா தலை இடிக்குன்னாரு. காலைல காப்பி குடிக்காம வந்திருப்பாருன்னு நெனைச்சேன். இன்னொருத்தரு குமட்டுதுன்னாரு. முந்தின நாள் பரோட்டா. ‘கொஞ்சம் ஜன்னலைத் தொறப்போமா அண்ணாச்சி’ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. தொறந்தா மெத்தையெல்லாம் எடுத்து மறுபடி அடைக்கணும், அதுக்குள்ள பொழுது போயிரும்னு நான்தான் வேண்டாம்னுட்டேன். இடம் மாத்தி உக்கார வச்சேன். ரெண்டாவது வாசிச்சாவ.

மூணாவதுதான் தம்பி. அதை நீங்க ரெக்கார்டிங்ல கேட்டிய, நான் மெத்தையை லேசா ஒதுக்கி, கதவு ஓட்டை வழியா கண்ணால பாத்தேன். ஒருத்தரு கண்ணும் தொறந்திருக்கல. முகமெல்லாம் செவசெவன்னு கல்யாணக் களை. வில்லு இழுக்க கை அப்படியே தண்ணிக்குள்ள போற மாதிரி போகுது. பாட்டு இழுக்கு. அந்தப் பொண்ணு வேகமா வீசுது, இவுக பின்னாலயே வாராவ, வேற எங்கயோ இருந்து வாசிக்க மாதிரி. முடிய வேண்டிய இடத்துல யாருமே முடிக்கல. ஒவ்வொருத்தரா ஓஞ்சாவ. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கொடையில சாமி வந்து ஆடுதவனைப் பாத்திருக்கேன், சாமி வந்து வாசிக்கவனை அன்னைக்குத்தான் பாத்தேன்.

கதவைத் தொறந்து உள்ள போனேன். சங்கரகோமதி தரையில உக்காந்து வாந்தி எடுக்குது, அழுவுது. அண்ணனை நெனைச்சு அழுவுதுன்னு நான் பக்கத்துல போகல. எனக்கே லேசா கிறுகிறுன்னு இருந்துச்சுன்னா பாத்துக்கிடுங்க, பாட்டோட மகிமை. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தரு பிடிச்சுக்கிட்டு வெளிய காத்தாட வந்தாவ. கிதியோன் சார் மட்டும் வரல.

கிதியோன் சாருதான் அந்தப் பெரிய வயலின் வாசிச்சவரு, ஆளு உசரம் இருக்குமே, அது. பெரிய வாத்தியம் பின்னால இருக்கணும்னு அவரை மேடை ஓரமா, பாத்திர ரூம் கதவுகிட்ட உக்கார வச்சிருந்தோம். எல்லாரும் இடம் மாறினாவ, அவரு வாத்தியத்தைத் தூக்க முடியாதுன்னு மாறல. தலையை அந்த வயலின் கழுத்துல சாச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. ‘சார், முடிஞ்சுட்டு, எந்திரிங்க’ன்னு தோளைத் தொட்டேன். அப்படியே என் மேல சாஞ்சாரு.

ஆஸ்பத்திரியில டாக்டரு கேள்வி மேல கேள்வி கேட்டாரு. ‘உள்ள அடுப்பு எரிஞ்சுதா? கரி எதுவும் போட்டியளா?’ன்னு. எதுக்குக் கேக்காருன்னே எனக்கு வெளங்கல. கல்யாணமா நடக்கு, அடுப்பு எரிய? ‘ஆடி மாசம் சார், மண்டபத்துல ஒரு அடுப்பும் எரியல, ஒரு பொட்டு நெருப்புக் கிடையாது’ன்னு உள்ளதைச் சொன்னேன். சத்தியமா எரியல. அப்ப நெஞ்சுவலிதான்னாரு. வயசும் அறுபதுக்கு மேல. யாரு மேல தப்புச் சொல்ல?

ஆனா அவரு வீட்டம்மா ரோஸ்பாய் இருக்காவளே, அவுக விட மாட்டேங்காவ. பதினாறு நாள் கழிஞ்சு என் கடை வாசல்ல வந்து நிக்காவ. ‘கதவைத் தொறந்து வச்சிருந்தியளா? ஜெனரேட்டரை எங்க வச்சிருந்திய?’ன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. ஏம்மா, கரண்டு மிஷினுக்கும் நெஞ்சுவலிக்கும் என்னம்மா சம்பந்தம்னு கேட்டேன். மிஷின் புகை, கண்ணுக்கே தெரியாத வெசம்ங்காவ. கறுப்பா ஒரு புகை வந்திருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா? சுவத்துல ஒரு கரி கிடையாது. வீட்டுக்காரரு போன துக்கத்துல பேசுதாவன்னு பொறுத்துக்கிட்டேன். ஆனா மனசு வலிக்கத்தான் செஞ்சுது தம்பி. சொந்தக் காசுல மாலை வாங்கிப் போட்டவன் நான். என்னைப் பாத்துக் கேக்காவ.

காரணம் எனக்குத் தெரியும். அந்தப் பாட்டு. மண்டபத்துக்காரரு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். தாலி கட்டுத மேடையில உக்காந்து செத்தவனுக்கு ஒப்பாரியை வாசிச்சா சும்மா விடுமா? ஒரு உசுரை எடுத்துட்டுத்தான் விட்டுச்சு. சங்கரகோமதிக்கும் அது தெரியும்னு நெனைக்கேன், அதுக்கப்புறம் நான் போன் போட்டா எடுக்கதில்ல. அந்தப் பாட்டை வெளிய விட வேண்டாம்னு அழுதுச்சாம். இன்ஜினியருதான் மனசு கேக்காம நெட்டுல போட்டுட்டாரு. எம்புட்டுப் பேரு கேட்டிருக்காவ! ‘அந்தக் கடைசி இழுவை எப்படி வந்துது, யாரு வாசிச்சா’ன்னு போன் மேல போன். நீங்களும் அதைத்தானே கேட்டிய? அதே மாதிரி வேணும், அந்த மூணாவது தடவை வாசிச்ச மாதிரியே வேணும்னு நீங்க போன்ல சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிட்டு. கிதியோன் சார் வாசிச்சது வீணாப் போகலன்னு தோணுச்சு.

அதனால எல்லாம் அப்படியே வச்சிருக்கேன். அதே ஆடி, அதே மண்டபம், அதே ஆளுக. ஆர்தர் சாரு மொதல்ல யோசிச்சாரு. வர்ற காசு சபைக் கட்டிடத்துக்கு ஆகும்னு சொல்லி சம்மதிக்க வச்சேன். உங்க பாட்டு சந்தோசமான பாட்டுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், அதனால பயம் இல்ல. வாசல்ல நீங்க வரும்போதே பூசணிக்காய் உடைச்சுக் கெடந்துச்சே, பாத்தியளா? மேடைக்கு எலுமிச்சம்பழம் கூட வச்சாச்சு. ஒரு குறை இல்ல.

போன தடவை இருந்த ஒண்ணு ரெண்டு ஓட்டையையும் இந்தத் தடவை சரி பண்ணிட்டேன். பாத்திர ரூம்ல மேல ஒரு சின்ன ஜன்னல் இருந்துச்சு. அது வழியா மிஷின் சத்தம் வெளிய போய், பக்கத்துத் தோட்டக்காரரு மாடு மெரளுதுன்னு சண்டைக்கு வந்துட்டாரு. இந்த வருசம் அதை அட்டை வச்சு, சாக்கை வச்சு இறுக்கி அடைச்சாச்சு. இப்ப வெளிய நின்னா மிஷின் ஓடுதான்னே தெரியாது. ஆமா, ஓடுது. விடிஞ்சதுல இருந்து ஓடுது. லைட்டு வேணும்லா, கதவடைச்சிருக்க ஹால்ல எப்படிப் பேப்பரைப் பாத்து வாசிப்பாவ?

என்ன தம்பி, காப்பிய அப்படியே வச்சிட்டிய? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. மொத ரெக்கார்டிங்னா அப்படித்தான் இருக்கும், பதட்டம். சங்கரகோமதிக்கும் இருந்துச்சு.

ஜெனரேட்டரை வெளிய எடுக்கணுமா? எதுக்கு? ரிகர்சல்தானே, ரெக்கார்டிங் ஆரம்பிக்கலையேன்னா... எடுக்கலாம், ஆனா அப்ப சத்தம் வரும். சத்தம் வந்தா நீங்க கேட்ட அந்த இது வராது. நீங்கதானே கேட்டிய?

என்னது? பாட்டு நின்னுட்டா? ஆமா, கேக்கலையே. டீக்கு விட்டிருப்பாரு. வெளிய வந்திருப்பாவளா... இல்ல, கதவு தொறக்கல. உள்ளயே ஃபிளாஸ்க்ல இருக்கு, குடிப்பாவ. முடிக்க வேண்டிய இடத்துல முடிக்காம ஒவ்வொருத்தரா ஓஞ்ச மாதிரித்தான் இருந்துச்சுல்லா? போன தடவை மூணாவது டேக்குலதான் அது வந்துச்சு. இந்தத் தடவை ரிகர்சல்லயே வந்துட்டு, இன்ஜினியரு மிஸ் பண்ணிட்டாரே!

தம்பி! எங்க ஓடுதிய? செருப்பைப் போடுங்க. ஏங்க, அந்த மெத்தையைத் தொடாதிய! அதை அடைக்க எனக்குப் பாதிப் பொழுது ஆச்சு. எட்டி உதைக்காரே... அந்தக் கதவு மண்டபத்துக்காரருது தம்பி! ஐயோ, காத்து அம்புட்டும் உள்ள போகுதே. நொட்டேஷன் பேப்பர் எல்லாம் பறக்கு பாருங்க! ஆர்தர் சார், அந்தப் பேப்பரைப் பிடிங்க! ஏட்டையா, உங்க காலடியிலதான் கெடக்கு, எடுங்க!

பிடிக்க மாட்டேங்காவளே. ஒருத்தரு கூட எந்திரிக்கல.

நீங்க ஏன் இப்படிப் போட்டு உலுக்குதிய அவரை? கத்தாதிய தம்பி. மெதுவா எழுப்புங்க. அவுக இன்னும் பாட்டுக்குள்ளதான் இருக்காவ.